காரணம் எழுதும் கட்டம்

கிழிக்க முடியாது, அதுதான் பிரச்சினை, கிழித்தால் அறுபதுக்கு அடுத்தது அறுபத்துமூன்று என்று கொப்பியே காட்டிக்கொடுத்துவிடும், ஒன்றிலிருந்து இருநூறு வரை பக்க எண் போட்டவளும் நான்தான், வேறு யாரும் வந்து போடவில்லை, முதல் நாளே உட்கார்ந்து நீல மையால் மூலைக்கு மூலை போட்டேன், பெரிய கெட்டிக்காரி… மெற்றோ கதவு மூடிக்கொண்டது. கோட் வெர்ட்டு கடைசி நிலையம் என்பதால் ஏறும்போது எப்போதும் இருக்கை கிடைக்கும், சனிக்கிழமை மத்தியானம் என்றால் இரண்டு இருக்கையே கிடைக்கும், பக்கத்தில் பையை வைக்கலாம், ஆனால் நான் மடியில்தான் வைத்திருக்கிறேன், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே ஏதோ உயிருள்ள சாமான் இருப்பதுபோல. உள்ளே ஒரு கொப்பிதான். கறுப்பு மட்டை, சிவப்பு முதுகு. என் தங்கச்சி நிருஷாவின் பெயரில் அப்பா விட்டுப்போன காசுக்கு நான் நாலு வருடமாகக் கணக்கு எழுதுகிற கொப்பி. அதை இன்றைக்கு அவளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், கேட்டிருக்கிறாள், கேட்டால் காட்டத்தான் வேண்டும், சட்டம் அப்படி. சாம்பவன் காலையில் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே "உங்கட கொப்பியில அப்பிடி என்னதான் கிடக்கு, கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்களன்" என்றார். பதினெட்டு வருடமாகக் கூட வாழ்கிற மனிதர், ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் சில விஷயங்களைச் சொல்லவே முடியாது.

கேட்ட விதம்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன் எடுத்து, அக்கா அந்தக் கொப்பிய ஒருக்கா பாக்கலாமா என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கடிதம் போடுகிறாள். பதிவுத் தபால். பிரெஞ்சில். மேலே "மடாம்" என்று தொடங்குகிறது, நான் மடாமாம், அவளுடைய முதல் பல் விழுந்தபோது அதைக் கடதாசியில் சுற்றி வைத்தவள் மடாம், குளிர்காலத்தில் ஒரு கையில் அவளையும் மறு கையில் அவளுடைய சப்பாத்துப் பையையும் இழுத்துக்கொண்டு பனிக்குள் கார்டெறிக்கு, பிள்ளைக் காப்பகத்துக்கு, ஓடினவள் மடாம். உள்ளே முழுக்க "வூ", "வூ", மரியாதைப் பன்மை. பயனாளி என்ற முறையில் தனக்கு உள்ள உரிமைப்படி நம்பிக்கைப் பொறுப்பாளர், அதுதான் நான், வைத்திருக்கும் பதிவேட்டை முழுமையாகப் பார்வையிட விரும்புகிறாளாம், முக்கியமாகச் சென்ற அக்டோபரில் எடுத்த தீர்மானம் சம்பந்தமாக. எவ்வளவு அழகான பிரெஞ்சு. நான் இந்த ஊருக்குப் பதினாறு வயதில் வந்தேன், இன்றைக்கும் பேக்கரியில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் அந்தப் பெண் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். இவள் நாங்கள் வந்த வருடமே இங்கே பிறந்தவள், வாயைத் திறந்தால் பிரெஞ்சு தேனாக ஓடுகிறது. கடிதத்தை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயமும் இல்லை. எவ்வளவு நன்றாக எழுதுகிறாள் என்றுதான் வந்தது, அதுவும் வயிற்றெரிச்சலோடு. இப்படியும் ஒரு பிறவி.

உயில் எழுதின அன்றைக்கு நோட்டேர் கந்தோரில் அப்பா நடுவில் இருந்தார், நான் வலப்பக்கம், நிருஷாவுக்கு அன்று பரீட்சை, வரவில்லை. நோட்டேர் என்றால் இங்கே உயில் எழுதித் தருகிற வக்கீல், நல்ல மனுஷி, மூக்குத்தி மாதிரி ஒரு சின்னக் கல்லுத் தோடு போட்டிருந்தாள். அப்பாவுக்கு அப்போதே மூச்சு இழுத்தது. டெப்பனரை, அதுதான் எங்கள் மூலைக்கடையை, விற்றுவிட்டார், அந்தக் காசு நிருஷாவுக்கு, ஆனால் அவளுக்கு முப்பது வயதாகும்வரை அவள் கையில் கொடுப்பதில்லை. படிப்பு, வைத்தியம், வீடு என்று அவள் கேட்டால், கௌசிக்குச் சரியென்று பட்டால், கௌசி கொடுக்கலாம். கௌசிக்குச் சரியென்று பட்டால். அந்த வசனத்தை நோட்டேர் இரண்டு தரம் வாசித்தாள், என்னைப் பார்த்து. பிறகு எனக்கான கடமைகளைச் சொன்னாள், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும், உங்களுடையதோடு கலக்கக் கூடாது, வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும், பயனாளி எப்போது கேட்டாலும் பதிவுகளைக் காட்ட வேண்டும். நான் தலையாட்டினேன். வெளியே வந்து காருக்குள் ஏறியதும்தான் அப்பாவிடம் கேட்டேன், அப்ப எனக்கு, என்று. கேட்டிருக்கக் கூடாது. "உனக்கென்ன புள்ள, வேலை இரிக்கி, புருசன் இரிக்கி. உன்ட கையில இருந்தா எனக்குப் பயமில்ல" என்றார். பின் இருக்கையில் கிடந்த பையிலிருந்து இந்தக் கொப்பியை எடுத்துத் தந்தார், கடையில் விற்காமல் மிஞ்சினதில் ஒன்று. "எழுதி வை. மறுகா ஒருத்தரும் உன்னக் கேள்வி கேக்கப்படாது." அவளுக்குக் காசு, எனக்குக் கொப்பி.

நான் காசுக்கு அலைகிறவள் இல்லை, அதை யாரும் சொல்ல முடியாது, ஆனால்… ஸ்னோடன் வந்துவிட்டதா? இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. ஆனால் ஸ்கேட்டிங். அப்பா ஐம்பது வயதில் ஸ்கேட்டிங் பழகினார் தெரியுமா, மட்டக்களப்பில் பிறந்த மனிதன், ஐஸைக் கண்ணாடித் தம்ளரில் மட்டும் பார்த்தவர், நிருஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கில் தடக்குத் தடக்கென்று விழுந்து எழும்பினார். கடைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் தெரியும். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன், லொட்டோச் சீட்டு விற்றுக்கொண்டு. என்னோடு அப்பா எங்கேயாவது விழுந்திருக்கிறாரா? சேஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின கல்லூரியில், எனக்கு விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தபோது அதை மடித்துக் கல்லாவின் அடித்தட்டில் வைத்துவிட்டு, "கடைய ஆருகா பாக்கிற" என்று கேட்டார், கேள்வி மாதிரிக் கேட்டார், கேள்வி இல்லை அது. நிருஷாவுக்கு ஆறு வயதில் அம்மா செத்துப்போனா. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை வாரி இழுத்தது நான், பல்லுக்குக் கம்பி போடக் கூட்டிக்கொண்டு போனது நான், அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்தபடி அவள் டவுன்டவுனில் கட்டடக்கலை படித்து முடித்துப் பட்டமளிப்புத் தொப்பியோடு படம் எடுத்தாள். படத்தில் அப்பாவின் தோளில் அவள் கை. அதை எடுத்தது நான், என் விரலின் நுனி ஓரமாக மங்கலாக விழுந்திருக்கிறது.

சரி, பழைய கதை. இன்றைய கதை என்ன என்றால் தொழிற்சாலைப் புத்தியால் வந்த வினை. சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக மாத்திரையை அட்டையில் அடைக்கிறேன், அங்கே எங்களுக்கு மூளைக்குள் ஆணி அடித்தமாதிரி ஏற்றினது ஒன்றே ஒன்றுதான், எதையும் அழிக்காதே. பென்சில் கூடாது, வெள்ளை மை கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பிழைவிட்டால் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது தெரியும்படி, பக்கத்தில் உன் பெயரின் முதலெழுத்து, திகதி. வேலையில் ஏதாவது வழமைக்கு மாறாக நடந்தால் அதற்குத் தனிக் கட்டம், என்ன நடந்தது, ஏன் நடந்தது, உண்மையான காரணம் என்ன. சுப்பவைசர் றெஜினாவிடம் "கவனக்குறைவு" என்று எழுதிக்கொண்டு போனால் தாளைத் திருப்பித் தருவாள், "அது காரணமில்ல கௌசி, அதுக்குப் பின்னால என்ன?" என்பாள். நித்திரையில்லை என்று எழுதினால், ஏன் நித்திரையில்லை என்பாள். தோண்டித் தோண்டி அடி மண் வரும்வரை விடமாட்டாள். அந்தப் பழக்கத்தில் நான் அப்பாவின் கொப்பியிலும் ஐந்து கட்டம் கீறினேன், எண், திகதி, அவள் கேட்டது, நான் தீர்மானித்தது, காரணம். எந்த நோட்டேரும் என்னிடம் அந்த ஐந்தாவது கட்டத்தைக் கேட்கவில்லை. போன கிழமை கந்தோருக்குப் போன் எடுத்து, காரணத்தையும் காட்டத்தான் வேணுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். கொடுத்ததும் எடுத்ததும் கட்டாயம் காட்ட வேண்டும், மனதில் நினைத்த காரணத்தைத் தனியாக வைத்திருந்தால் அதைக் கொடுப்பதா இல்லையா என்று யோசிக்கலாம், ஆனால் ஒரே பதிவேட்டில் எழுதியிருந்தால், மடாம்… என்று அந்தச் செயலாளர் பெண் இழுத்தாள். ஒரே பதிவேட்டில் எவராவது எழுதுவார்களா என்பதுபோல இருந்தது அந்த இழுப்பு.

எழுதினேன். தமிழில் எழுதினேன். வருடாந்தம் கொடுக்கிற ஒரு பக்க அறிக்கை பிரெஞ்சில், சாம்பவன் தட்டித் தருவார், நிருஷா வாசிக்காமலே கையெழுத்து வைப்பாள். கொப்பி தமிழில். அவளுக்குத் தமிழ் கேட்கத் தெரியும், உடைத்து உடைத்துப் பேசத் தெரியும், வாசிக்க ஓரெழுத்தும் தெரியாது. அதுதான் எனக்கு இருந்த துணிவு. முதலாம் வருடம் எல்லாம் ஒழுங்கு, காரணம்: பரீட்சைக் கட்டணம். காரணம்: பல் வைத்தியம். பிறகு மெதுவாக, இடையிடையே… அவள் லிஸ்பனுக்குப் போகக் கேட்டபோது, படிப்போடு சம்பந்தப்பட்ட பயணம்தான், கொடுத்தேன், காரணக் கட்டத்தில் எழுதினேன்: "எனக்கு ஒட்டாவா தாண்டத் தெரியாது." எழுதி முடித்தபோது நெஞ்சுக்குள் ஒரு சுகம் வந்தது, சொறிந்துவிட்டதுபோல. அதன்பிறகு விட முடியவில்லை. அக்டோபரில் அவளும் டினோஜனும் வந்தார்கள், டினோஜன் அவளைக் கலியாணம் கட்டப் போகிற பையன், வாழைச்சேனையிலிருந்து வந்து ஆறு வருடம், அடக்கமானவன், என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டான். போனில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினாள். சின்ன வீடுதான், நாலாம் மாடி, ஆனால் பல்கனி ஆற்றைப் பார்த்தபடி, முழு ஆறும், பாலமும். முற்பணத்துக்கு உதவி கேட்டாள். உயிலில் வீடு என்று தெளிவாகவே இருக்கிறது, அவள் கேட்டது அதிகமும் இல்லை. நான் வட்டி வீதம் இப்ப கூடிக் கிடக்கு, பொறு என்றேன். அவள் முகம் ஒடுங்கிப்போனது. சரி அக்கா என்றாள். இரண்டு கிழமையில் அதை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அவர்கள் வந்து கேட்ட அன்று பின்னேரமே நான் மேசையில் இருந்து அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து எழுதினேன், றெஜினா பக்கத்தில் நின்று, அது காரணமில்ல, அதுக்குப் பின்னால என்ன, என்று கேட்பதுபோல இருந்தது. நாலு வரி. அடி மண்வரை.

பொனவென்ச்சரில் இறங்கி நிலத்தடியால் நடந்து ரெம் ரயிலுக்கு மாறினேன். டினோஜன் தமிழ் வாசிப்பான். அதை நான் எப்படி யோசிக்காமல் விட்டேன்? வாழைச்சேனையில் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவன், கடகடவென்று வாசிப்பான், அவள் பக்கத்தில் இருந்து கேட்பாள், அவனுக்கே என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும். ரயிலில் மை கொட்டிவிட்டது என்று சொல்லலாமா? தேத்தண்ணீர் ஊற்றிவிடலாமா? ரயில் மேலே ஏறிவிட்டது, பாலம் வந்துவிட்டது, மார்ச் மாதத்து ஆறு, ஐஸ் உடைந்து துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கிறது, வெயில் பட்டுக் கண் கூசுகிறது. இதைத்தான் அவள் தினமும் பார்க்கக் கேட்டாள். எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் செங்கல், நான் எண்ணியிருக்கிறேன், யன்னலுக்குள் அடங்குவது நூற்றுப்பன்னிரண்டு. வீட்டை அவளுக்கு மறுத்தாய், அதனால் உன் யன்னலில் ஆறு வந்ததா? வரவில்லை. ஆனால் அவளுக்கும் வரவில்லை. அந்த எண்ணம் இப்போதும், இந்தப் பயத்துக்கு நடுவிலும், நாக்கில் இனிக்கிறது, நான் என்ன செய்ய.

து கார்த்தியே நிலையத்தில் இறங்கி பனிக்குத் தூவின உப்புப் பூத்த நடைபாதையால் பத்து நிமிடம் நடந்தால் நிருஷாவும் டினோஜனும் வாடகைக்கு இருக்கிற வீடு. கதவைத் திறந்தவள் மடாம் என்றும் கூப்பிடவில்லை, வூ என்றும் சொல்லவில்லை. "அக்கா, சப்பாத்து ஈரம், அந்தப் பாயில வைங்க" என்றாள். அவ்வளவுதான், அக்கா என்றதும் என் முகத்தைக் காட்டக்கூடாது என்று குனிந்து சப்பாத்துக் கயிற்றை நெடுநேரம் அவிழ்த்தேன். டினோஜன் எங்கே என்று கேட்டேன். "அவர நான் வெளிய அனுப்பிட்டன். உங்கட எழுத்த நீங்கதான் வாசிச்சுக் காட்ட வேணும், வேற ஆள் வேணாம்." இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சண்டை என்றால் சமாளித்திருப்பேன். மேசையில் இரண்டு கோப்பை, ஒரு தட்டில் எனக்கு விருப்பமான இஞ்சி பிஸ்கட், அவளுக்கு அது பிடிக்காது. கொப்பியை வெளியே எடுத்து வைத்தேன். முதல் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேலே இரண்டு வரி அப்பாவின் கையெழுத்து, நடுங்கின எழுத்து, நிருஷாவின் பேரில் வைத்தது, பொறுப்பு கௌசி. அதற்குக் கீழே என் கையால், நோட்டேர் சொன்ன கடமைகள். "இது அப்பாட எழுத்தா? இதுல எது என்ட பேர்?" என்றாள். காட்டினேன். அவள் விரலை வைத்து அந்த மூன்று எழுத்தையும் மெதுவாகத் தடவினாள், பிறந்தநாள் அட்டையில்கூட அப்பா அவளுக்குப் பிரெஞ்சில்தான் எழுதுவார், அதுவும் என்னைக் கேட்டுக் கேட்டு. "என்னோட அப்பா பிரெஞ்சில 'சா வா?', சுகமா எண்டு, பிறகு 'சாப்பிட்டியா?' அவ்வளவுதானே அக்கா. கடையில உங்களோட மணித்தியாலக் கணக்கா கதைப்பார். நான் பின்னால இருந்து ஹோம்வேர்க் செய்வன், நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க. என்னத்துக்குச் சிரிக்கிறீங்கண்டு எனக்கு விளங்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மனம் என்ன செய்தது தெரியுமா? உருகவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் சந்தோஷப்பட்டது, அப்பாடா, இவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது என்று. நாங்கள் என்னத்துக்குச் சிரித்தோம் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இருபது வருடம் வைத்திருந்தேன், வைத்திருந்ததே தெரியாமல்.

இலக்கங்கள் அவளுக்குத் தெரியும். திகதிக் கட்டத்தில் விரலை ஓட்டிக்கொண்டே பக்கம் பக்கமாகத் தள்ளி வந்தாள், லிஸ்பனைத் தாண்டினாள், அறுபத்தொன்றில் நின்றாள். "இந்த நாள்தானே நாங்க வீட்டுக்குக் கேட்டது. வாசிங்க." நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன், கழற்றித் துடைத்தேன், திரும்பப் போட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது, இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். "வட்டி கூட, கொஞ்சம் பொறுக்கிறது நல்லம் எண்டு எழுதியிருக்கன்" என்றேன். நிருஷா விரலை எடுக்கவில்லை. அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து நாலாவது வரியின் முடிவுவரை விரலை இழுத்துக்கொண்டு போனாள், வரி வரியாக, அவசரமில்லாமல், பிறகு அதற்கு மேலே உள்ள கட்டங்களைப் பார்த்தாள், எல்லாம் ஒரு வரி, அரை வரி. "வட்டிக்கு இவ்வளவு நீளமா எழுதுவாங்களா அக்கா?" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, உண்மையிலேயே கேட்டாள்.

ஒரு கோடு போட்டிருக்கலாம். அக்டோபரிலிருந்து மார்ச்வரை ஐந்து மாதம், பேனையும் என் கையில்தான் இருந்தது, எங்கள் தொழிற்சாலை முறைப்படியே ஒரு கோடு, என் எழுத்து, திகதி, காரணம் திருத்தப்பட்டது என்று. போடவில்லை. முதலாம் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பயனாளி எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும் என்று, அது தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதினேன். ஒளிக்க நினைக்கிறவள் இதிலா எழுதுவாள்? சமையலறை யன்னலுக்கு வெளியே யாரோ காருக்கு மேலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், தட்டுத் தட்டென்று. நாலு வருடமாக இதை நான் யாருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்… நிருஷா ஒரு பிஸ்கட்டை எடுத்து என் பக்கமாக வைத்தாள். நான் அவள் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, முதற் சொல்லின் கீழ் என் விரலை வைத்தேன். எழுதியிருந்தது இதுதான், அவளுக்கு ஆற்றைப் பார்த்த பல்கனி, எனக்குச் செங்கல் சுவர், அப்பா இருந்திருந்தால் உடனே கொடுத்திருப்பார், அதனால்தான் நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசி வரியில் தனியாக ஒரு சொல், பொறாமை. அவ்வளவும் அங்கேதான் இருந்தது.

"அவளுக்கு…" என்று வாசித்தேன்.

"அவளுக்கு எண்டா? நானா?"

"ஓம்" என்றேன்.